மாதிரிக் காசோலையும் ஞாயிற்றுக்கிழமை வேனும்

சுங்கைப் பட்டாணியில் என் முதல் காலை உணவை ஒரு பேனர் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பழுப்புத் தாளில் மடித்த ரொட்டி சானாய், பிளாஸ்டிக் பையில் கட்டிய பருப்புக் குழம்பு, இன்னொரு பையில் உறிஞ்சுகுழலோடு தேநீர். எதிரே சுவரில், என்னைவிட அகலமான ஒரு காசோலை சாய்ந்திருந்தது.

நிஜக் காசோலையில் இருக்கும் கோடுகள், கட்டங்கள் எல்லாம் அதில் இருந்தன. பெறுபவர் இடத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயர். கொடுப்பவர் இடத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயர். தொகை, மலேசிய வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில்.

"இது என்னங்கண்ணா?" என்று கேட்டேன்.

"மாதிரிக் காசோலை லா. உங்க ஊர்ல இல்லையா?" என்றார் கடைக்காரர் குமரேசன் அண்ணன்.

எங்கள் ஊரில் பொன்னாடை போர்த்துவார்கள், நினைவுப் பரிசு கொடுப்பார்கள். காசோலையைக் கதவு அளவுக்கு அடித்துத் தூக்கிப் பிடிப்பதை நான் கிரிக்கெட் மைதானத்தில்தான் பார்த்திருக்கிறேன். மலேசியாவின் இந்தக் கெடா மாநிலத்தில் அது இல்லாமல் நல்ல காரியமே நடப்பதில்லை போலிருந்தது. கடைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த செய்தித்தாள் துண்டுகள் எல்லாவற்றிலும் யாரோ நான்கு பேர் ஒரு பெரிய காசோலையின் பின்னால் நின்று சிரித்தார்கள்.

நான் யார், ஏன் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு சிறிய கிரிப்டோ நிறுவனத்தில் வேலை. எங்களுக்கென்று ஒரு டோக்கன், அதாவது கணினி வலையில் மட்டுமே இருக்கும் ஒரு நாணயம், உண்டு. அதன் நிரலைச் சோதிப்பது என் பணி. பத்திரிகை, விளம்பரம், மக்கள் தொடர்பு எல்லாம் விவேக்கின் பொறுப்பு. விவேக் கால்பந்து ஆடிக் காலை உடைத்துக்கொண்டார். மலேசியாவுக்குப் போகத் தமிழ் பேசும் ஆள் வேண்டும், கடவுச்சீட்டு வேண்டும், இரண்டு கால்கள் வேண்டும். மூன்றும் அலுவலகத்தில் என்னிடம் மட்டுமே சேர்ந்திருந்தன.

விவேக் கொடுத்த வேலைகளும் மூன்று. அலோர் ஸ்டாரில் தமிழ் வியாபாரிகளைச் சந்திப்பது. தோட்டப் பள்ளி விழாவில் பேசி நன்கொடை வழங்குவது. அந்தப் படம் தமிழ் நாளிதழில் வரும்படி பார்த்துக்கொள்வது. மூன்றாவதுதான் முக்கியம் என்று அடிக்கோடிட்டிருந்தார். குமரேசன் அண்ணன் எங்கள் டோக்கனுக்கு இந்த வட்டாரத்தின் ஒருங்கிணைப்பாளர். ஆர்வத்தில் தானாகவே முன்வந்தவர்.

கடைக்குள் ஏணியோடு ஒருவர் நுழைந்தார். பெயர் நாதன். வாரம் முழுக்க ஏர்கான் பழுது பார்ப்பவர், இடையிடையே நாளிதழுக்கு நிருபர்.

"பேச்சு நீளமா வேணாம் தங்கச்சி. படம் நல்லா வரணும். காசோலைல ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் பெற்றோர் சங்கத் தலைவி சாந்தி, நடுவுல ஹெச்.எம். எல்லாரும் கேமராவப் பாக்கணும். காசோலையப் பாத்தா அலையற மாதிரி இருக்கும்" என்றார்.

"காசோலை இல்லாம ஒரு படம் எடுத்தா?"

"எடுக்கலாம். உங்க வீட்டு ஆல்பத்துல போட்டுக்கலாம்."

அவர்கள் சிரித்தபோது நான் எழுந்துபோய்ப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். தொகையும் பெயர்களும் ஸ்டிக்கர்கள். ஓரத்தை நகத்தால் தூக்கினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். யாரோ பூப்பந்துக் கழகத்துக்குக் கொடுத்தது. அதற்கும் அடியில் இன்னொன்று. ஒரே பலகை ஊர் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"தொகை யாருங்கண்ணா சொன்னது?"

"விவேக் சார்தான். ஸ்கூலு வேன் என்னா வெலன்னு கேட்டாரு. சொன்னேன். அதையே போடுங்கன்னுட்டாரு."

கடைக்கு வெளியே போய் விவேக்கை அழைத்தேன். ஆமாம், அந்தத் தொகைக்கு ஈடான டோக்கன்களை நன்கொடைக் கணக்கிலிருந்து பள்ளிக்குக் கொடுக்கிறோம் என்றார். குரலில் கால்வலியைத் தவிர வேறு வருத்தம் எதுவும் இல்லை.

நன்கொடைக் கணக்கு எனக்குத் தெரியும். அதிலுள்ள டோக்கன்கள் இரண்டு ஆண்டுகளுக்குப் பூட்டப்பட்டவை. பெறுபவர் திரையில் பார்க்கலாம். விற்க முடியாது, மாற்ற முடியாது. அந்தப் பூட்டைத் திறக்க எனக்குத் தெரிந்த எல்லா வழிகளிலும் முயன்று, திறக்கவில்லை என்று சான்று எழுதியவளே நான்தான். பூட்டே இல்லாவிட்டாலும் எங்கள் டோக்கன் இன்னும் எந்தச் சந்தையிலும் பட்டியலிடப்படவில்லை. அதன் விலை என்பது எங்கள் இணையதளத்தில் நாங்களே எழுதிக்கொண்ட எண்.

"விவேக், இதில் அவங்க வேன் வாங்க முடியாது."

"வேன் வாங்கித் தர்றோம்னு நாம எங்க சொன்னோம்? முதல்ல படம் வரட்டும். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

மறுநாள் வியாழக்கிழமை. குமரேசன் அண்ணன் என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். சுங்கை லாலாங் தாண்டியதும் இருபுறமும் செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனை மட்டும்தான். தென்னையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மூச்சுமுட்டும் மரம்; தரையிலிருந்தே மட்டை விரிக்கிறது, நிழலில் புல்கூட இருண்டிருக்கிறது. தூரத்தில் ஜெராய் மலை மட்டும் மேகத்தைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு கூடவே வந்தது.

பள்ளி சின்னது. ஒரு வரிசை வகுப்பறைகள், ஒரு கூடம், நன்றாகப் பெருக்கிய வாசல். மொத்தப் பிள்ளைகளையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். தோட்டத்தில் இப்போது குடும்பங்கள் அதிகமில்லை. பெற்றோர் ஊருக்கு வெளியே தாமான் எனப்படும் குடியிருப்புகளில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். பிள்ளைகள் அங்கிருந்து வேனில் வருகிறார்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி சாந்தி அக்கா கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். வேலைக்குப் போகும் உடையிலேயே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"வாங்க தங்கச்சி. ஊர்லேர்ந்து நேரா எங்க காட்டுக்கே வந்துட்டீங்க. சாப்டாச்சா?"

சாப்பிட்டாயிற்று என்று சொன்னது கணக்கில் சேரவில்லை. மீகோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் ஒரு தட்டு வந்தது, அதன் மேல் ஒரு முட்டை வந்தது. நான் சாப்பிடும்போது அவர் பேசினார்.

"வேன் வந்தாத்தான் பிள்ளைங்க வரும். வேன் ரெண்டு நாளு நின்னா, தாய்தகப்பன் பக்கத்துல இருக்கற ஸ்கூலுக்கு மாத்திருவாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல, எல்லாரும் ஷிஃப்டுக்கு ஓடறவங்க. பிள்ளைங்க போச்சுன்னா ஸ்கூலு போச்சு."

"இப்ப வேன் இருக்கில்லீங்க்கா?"

"இருக்கு, இன்னிக்கோட சரி. பெருமாள் அங்கிளோட பழைய வேன். பாதி நாளு மக்கர் பண்ணும். போன வாரம் சிம்பாங்ல வச்சு, எல்லாத் தாய்மாரு முன்னாடியும் சொல்லிட்டேன், அடுத்த வாரத்தோட போதும் அங்கிள், எங்களுக்குப் புது வேன் வருதுன்னு. கண்ணாடிய ஏத்திட்டுப் போயிட்டாரு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். சிம்பாங் என்பது தாமானிலிருந்து வரும் சாலையும் பெரிய சாலையும் சேரும் முனை என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் 'போதும்' என்ற சொல் மட்டுமே காதில் நின்றது.

"அக்கா, காசு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எப்படி வேன்?"

அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அதான் படம் வருதே? பேப்பர்ல வந்ததும் அந்தத் துண்ட வெட்டிக் கொண்டுபோய்க் காட்டுனா, டவுன்ல வேன் விக்கிற தவ்கே வண்டிய வெளிய விட்டுருவாரு. பேசியாச்சு. ஒரு தடவ ஒய்.பி. எங்களுக்குக் கூரை போட்டுக் குடுத்தப்பவும் இப்படித்தான். காசோலை மேடையில, படம் பேப்பர்ல, காசு மெதுவா ஆபீஸ் வழியா வந்துச்சு. ஆணிக்காரன், பலகைக்காரன் எல்லாரும் படத்தப் பாத்துத்தான் சாமான் குடுத்தாங்க."

ஒய்.பி. என்றால் மக்கள் பிரதிநிதி. அதுதான் இங்கே முறை. மேடையில் எல்லார் முன்னாலும் பிடித்த காசோலை பொய்யாகாது. காசு தாமதமாகும், வராமல் போகாது. ஊர் அதை நம்பி இயங்குகிறது, நம்பியதில் இதுவரை ஏமாந்ததும் இல்லை. எங்கள் காசோலையையும் அவர்கள் அதே வரிசையில் வைத்துவிட்டார்கள். அந்தப் பலகைக்கு இங்கே என்ன மதிப்பு என்பது கோயம்புத்தூரில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். மணி அடித்தது. அவர் ஷிஃப்டுக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும் வழியில் குமரேசன் அண்ணனிடம் சொன்னேன். பூட்டு என்றால் என்ன, பட்டியல் என்றால் என்ன, எல்லாம். அவர் காரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஓரமாக நிறுத்தினார்.

"டோக்கன்னா காசுதானே லா?"

"இப்ப காசு இல்லீங்கண்ணா. இரண்டு வருஷத்துக்கு அப்புறமும் காசாகுமான்னு எனக்குத் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாதுங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, கணக்குப் போடும் முகம். யார் யாரிடம் என்னென்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. "ஒரு நாளு குடுங்க. விவேக் சார்ட்ட பேசுங்க. டோக்கன் வேணாம், காசாவே குடுக்கட்டும். பெரிய கம்பெனிதானே? அதுக்குள்ள சாந்திட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. பயந்துரும்."

ஒப்புக்கொண்டேன். நிறுவனம் காசாகவே கொடுத்துவிட்டால் யாரும் பயப்பட வேண்டியதில்லை என்பது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அன்றே விவேக்குக்கு நான்கு வரிகளில் எழுதினேன். பள்ளி தன் வேன் ஓட்டுநரை நிறுத்திவிட்டது. படத்தை நம்பி வேன் எடுக்கப் போகிறார்கள். டோக்கன் பயன்படாது. காசாகக் கொடுக்க முடியுமா, ஆம் அல்லது இல்லை. நிறுவனர்களைக் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை அலோர் ஸ்டார். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். எனக்கு அது பிடிபடவே இல்லை. தொடர்வண்டியில் எதிரே இரண்டு மலாய்ப் பெண்கள் வாழையிலையில் சுட்ட ஏதோ பலகாரத்தை என்னிடம் நீட்டினார்கள். ஒட்டரிசியும் காரமான இறால் பொடியும். ஒருத்தி மற்றவளிடம் ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். கூட வந்த குமரேசன் அண்ணன் மொழிபெயர்த்தார்: "பரீட்சைக்குப் போற பொண்ணு மாதிரி உக்காந்திருக்குன்னு சொல்றாங்க."

மாநிலத் தலைநகரான அங்கே அரசு அலுவலகத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. வியாபாரிகள் ஒரு துணிக்கடையின் மாடியில் கூடியிருந்தார்கள். நான் திரையில் படங்கள் காட்டிப் பேசினேன். பாதுகாப்பு எப்படி, நிரல் எப்படி. எனக்குத் தெரிந்ததை மட்டும். விலை ஏறும் என்ற பக்கத்தைத் தாண்டிவிட்டேன். முன்வரிசையில் இருந்த நகைக்கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார்.

"அந்தப் பக்கத்த ஏன் தங்கச்சி தாண்டுனீங்க?"

"அதை நான் சோதிச்சுப் பார்க்கலைங்க."

"சரி. நீங்க உங்க சொந்தக் காசு போட்டுருக்கீங்களா?"

"இல்லைங்க."

மாடி முழுக்கச் சிரித்தது. "ரொட்டி போடறவங்களே வீட்டுல இட்லி சாப்டறாங்க டோய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நானும் சிரித்தேன். குமரேசன் அண்ணன் சிரிக்கவில்லை.

திரும்பும் தொடர்வண்டியில் பதில் வந்தது. காசு முடியாது. நன்கொடைக் கணக்குத் தவிர வேறு ஒதுக்கீடு இல்லை. அதோடு இரண்டு வரி: முதலீட்டாளர் கூட்டத்துக்கு அந்தப் படம் வேண்டும். படம் இல்லாமல் வராதே.

வெளியே நெல் வயல்கள் ஓடின. தஞ்சாவூர்ப் பக்கம்போலவே பச்சை. நடுவில் நிற்கும் கட்டைவேலி மட்டும் வேறு. எனக்கு இருந்த வழிகளை வரிசைப்படுத்தினேன். காசோலையைப் பிடித்துச் சிரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை படம் வரும், தவ்கே வேனை விடுவார், பணம் கேட்டு வரும்போது சாந்தி அக்கா வாசலில் நிற்பார். காய்ச்சல் என்று விடுதியிலேயே படுத்துக்கொள்ளலாம். வேறு யாராவது பிடிப்பார்கள். சொல்லிவிடலாம், அப்போது புது வேனும் இல்லை, பழைய வேனும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. மூன்றிலும் பிள்ளைகள் சிம்பாங்கில் நிற்கிறார்கள். மூன்றாவதில் மட்டும், ஏன் நிற்கிறோம் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

"விழாவுக்கு முன்னாடியே சாந்தி அக்காகிட்டச் சொல்லிடறேன்" என்றேன். குமரேசன் அண்ணன் சன்னலைப் பார்த்துக்கொண்டு, "சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு, கூடாரம் போட்டாச்சு" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை, சொல்லப் போன வழியில் டயர் போனது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வளைவில் மட்டைகளைச் சிந்திவிட்டுப் போயிருந்தது. ஒரு முள் டயருக்குள் விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. மாற்று டயரை எடுக்க, பின்னால் இருந்த காசோலையை இறக்கிச் சாலையோரம் சாய்த்தோம். ஒரு மலாய்ப் பெரியவர் மோட்டாரை நிறுத்தி உதவினார். பலகையைப் படித்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்டுக் குமரேசன் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இவ்வளவு பணம் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நல்ல டயர் வாங்கக் கூடாதா?" என்றாராம்.

சாந்தி அக்காவைக் கைப்பேசியில் அழைத்தேன். எடுத்தார், பின்னணியில் நாதஸ்வர ஒலிப்பதிவு. "சீக்கிரம் வாங்க தங்கச்சி!" அவ்வளவுதான் கேட்டது.

பள்ளிக்குப் போனபோது வரவேற்புரை முடிந்திருந்தது. காரிலிருந்து இறங்கியவளுக்கு மாலை போட்டார்கள், சந்தனம் வைத்தார்கள், கையைப் பிடித்து நேராக மேடைக்குக் கொண்டுபோனார்கள். சாந்தி அக்கா பட்டுப் புடவையில் மேடையின் மறுகோடியில் இருந்தார். அவரை எட்டுவதற்குள் இரண்டு வளர்ந்த மாணவிகள் பலகையைத் தூக்கிவந்து நடுவில் நிறுத்திவிட்டார்கள். கூடத்தில் கைதட்டல். குமரேசன் அண்ணன் கூடத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"தங்கச்சி, அந்த மூலையப் புடிங்க" என்றார் நாதன், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல். "மூஞ்சி என்னா இப்படி? சிரிங்க லா."

சாந்தி அக்கா தன் பக்கத்தை ஏற்கெனவே பிடித்திருந்தார். தலைமையாசிரியை நடுவில். என் மூலை காற்றில் ஆடியது. நான் கையை நீட்டவில்லை. பிறகு ஒலிவாங்கியை எடுத்தேன். என் குரல் எனக்கே அலுவலகக் குரலாகக் கேட்டது.

"இந்தப் பலகையில எழுதியிருக்கிற தொகை உங்களுக்குக் காசா வராது. எங்க நிறுவனம் தர்றது டோக்கன். அதை இரண்டு வருஷத்துக்கு விற்க முடியாது. இப்போதைக்கு வாங்கறவங்களும் இல்லை. இதைக் காட்டி வேன் எடுக்காதீங்க. எடுத்தா, கடன் உங்க தலையில விழும்."

பின்வரிசையில் ஓர் ஆண்: "அப்ப இது எதுக்கு இவ்ளோ பெருசா?" யாரோ சிரித்தார்கள். யாரோ, "நாளைக்கு வேன்?" என்றார்கள். அதன் பிறகு எல்லாரும் அதையேதான் கேட்டார்கள்.

சாந்தி அக்கா பலகையைக் கீழே வைத்தார். மெதுவாக, உடைந்துவிடுமோ என்பதுபோல். என் அருகில் வந்து, ஒலிவாங்கிக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "இது ஒனக்கு வியாழக்கிழமையே தெரியுமா?"

"தெரியுங்க்கா."

"என் மீகோரெங்க சாப்ட்டப்பவே?"

"ஆமாங்க்கா. காசாவே வாங்கிடலாம்னு நினைச்சு..."

"நெனச்சே." அவர் மாலையைச் சரிசெய்வதுபோல் என் தோளைப் பிடித்தார், பிடி வலித்தது. "அன்னிக்கே சொல்லிருந்தா ரெண்டு நாளு கெடச்சிருக்கும். இப்பப் பாரு, ஒரு மத்தியானம்தான் இருக்கு. வா."

"எங்கேங்க்கா?"

"பெருமாள் அங்கிள் வீட்டுக்கு. நான் மட்டும் போயி எதுக்குத் தலையக் குனியணும்? நீயும் வா."

விழா சாப்பாட்டோடு முடிந்தது. சோறு, கோழிக்கறி, அப்பளம். கோபத்தில் இருந்தவர்களும் சாப்பிட்டார்கள், எனக்கும் இலையில் வைத்தார்கள். நாதன் மட்டும் கேமராவைப் பையில் போடாமல் நின்றார். "இதுவும் செய்திதான். ஆனா எந்தப் படத்தப் போடறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். குமரேசன் அண்ணன் தூணை விட்டு வந்து, பலகையின் மேல் ஸ்டிக்கரை உரிக்க ஆரம்பித்திருந்தார். எங்கள் நிறுவனத்தின் பெயர் பாதியில் கிழிந்து வந்தது. "நான் இந்த ஊர்ல இருக்கணும் லா" என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு கார்ச் சாவியைச் சாந்தி அக்காவிடம் கொடுத்தார்.

பெருமாள் அங்கிளின் வீடு பீடோங் பக்கம். வாசலில் வேன் நின்றது. அவர் கைலியோடு அதன் முகப்பைத் திறந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் துடைப்பதை நிறுத்தவில்லை. செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"என்னாம்மா தலைவி, பட்டுப் பொடவையெல்லாம் பலமா இருக்கு? புது வேன் எங்க, ரோட்டுல நிக்குதா?"

"அங்கிள், நாளைக்கு வேன் எடுக்கணும்."

"எந்த வேன? இதையா? இது பாதி நாளு மக்கர் பண்ணுமே. நீதானே சொன்ன, சிம்பாங்ல, மைக்கு இல்லாத கொறையா."

நான் முன்னால் போய், தவறு எங்கள் நிறுவனத்துடையது, இவர் நம்பியதைத் தவிர வேறு செய்யவில்லை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அந்தக் காசோலைப் பொண்ணா?"

"ஆமாங்க."

"ஒரு கிலாங்ல, அதான் ஃபேக்டரில, ஆள் ஏத்தக் கூப்டுருக்கான். நாளைலேர்ந்து." துணியை உதறினார். "அவன் காசு பாக்கி வைக்க மாட்டான். வாயும் பேச மாட்டான்."

"வருவீங்களா, மாட்டீங்களா அங்கிள்?" சாந்தி அக்கா ஓரடி முன்னால் வந்தார். "பதினோரு வருசமா நீங்க ஏத்துன பிள்ளைங்க. என் ரெண்டும் ஒங்க வேன்லதான் வளந்துதுங்க."

"அது போன வாரம் ஞாபகம் வரல?" என்று சொல்லிவிட்டு முகப்பை அடித்து மூடினார். உள்ளே போய்விட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஊருக்குத் திரும்பும் நாள். குமரேசன் அண்ணனைச் சிம்பாங் வழியாகப் போகச் சொன்னேன். விமானம் மாலையில்தான் என்றேன், அவர் மறுக்கவில்லை. பெட்டியோடு இறங்கினேன்.

வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளும் தாய்மாரும் சாலையோரம் நின்றார்கள். யாரும் என்னோடு பேசவில்லை, யாரும் திட்டவும் இல்லை. இரண்டு அப்பாக்கள் மோட்டாரை அணைக்காமல் வைத்திருந்தார்கள். வேன் வராவிட்டால் பிள்ளையை வேறு பக்கம் கொண்டுபோவார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. சாந்தி அக்கா தொழிற்சாலை உடையில், ஷிஃப்டுக்குப் பிந்திக்கொண்டு, சாலையை மட்டுமே பார்த்திருந்தார். குலை லாரிகள் போயின. ஒரு தொழிற்சாலைப் பேருந்து போனது. ஒரு மோட்டார் உறுமித் திரும்பியது. "நில்லுங்கண்ணே, கொஞ்சம் நில்லுங்க" என்று சாந்தி அக்கா அதன் கைப்பிடியைப் பிடித்தார்.

பிறகு வளைவில் வேன் தெரிந்தது. பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டினார்கள். வேன் வந்து நின்றது. ஆனால் கதவு திறக்கவில்லை, கண்ணாடியும் இறங்கவில்லை. பெருமாள் அங்கிள் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எதற்கு என்று எல்லாருக்கும் புரிந்தது. சாந்தி அக்கா சாலைக்கு இறங்கி ஓட்டுநர் பக்கம் போனார். போன வாரம் நின்ற அதே இடமாக இருக்க வேண்டும். குரலைத் தணிக்காமல், தாய்மார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அங்கிள், நாந்தான் அவசரப்பட்டுட்டேன். பிள்ளைங்கள ஏத்திக்குங்க."

கண்ணாடி இறங்கியது. "கதவ நீங்களே தெறங்க. ஒரு பக்கத்துக் கொக்கி ரோசாக், புடிக்காது. நேத்து ராத்திரி அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், சாமான் கெடைக்கல. ஓட்டறப்ப தானா தெறந்துக்கும். பெரிய ஆளு ஒருத்தர் உள்ள உக்காந்து புடிச்சுக்கணும்."

தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஷிஃப்டு. நான் பெட்டியைக் குமரேசன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். பின்னால் வருகிறேன் என்று அவர் கையைக் காட்டினார். பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். சாந்தி அக்கா வெளியிலிருந்து கதவைத் தள்ளி மூடினார். மூடும்போது என்னைப் பார்த்துவிட்டு மோட்டாரை நோக்கி ஓடினார்.

"ரெண்டு கையாலயும் புடி" என்றார் பெருமாள் அங்கிள் கண்ணாடியில் என்னைப் பார்த்து. "வளைவுல இழுக்கும்."

இழுத்தது. செம்பனை நிழலுக்குள் வேன் திரும்பும் ஒவ்வொரு முறையும் கதவு விரல் அகலம் விலகி, வெளியே சாலை ஓடுவது தெரிந்தது. காலை மிதிப்படியில் ஊன்றிக்கொண்டேன். மடியில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் விவேக்கின் பெயர். நின்றது. மறுபடி அதிர்ந்தது. எடுக்க எனக்குக் கை இல்லை.